அது உங்கள் வயதா, ஆர்-ஃப்ரீயா?

எம்எஸ்சி இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒரு கருத்தரங்கில் பேச வந்தவர் தன் புரோட்டீன் படிகத்தின் அட்டவணையைத் திரையில் போட்டு, "ஆர்-ஃப்ரீ 32" என்றாராம். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அது உங்கள் வயதா, ஆர்-ஃப்ரீயா?" அரங்கமே சிரித்திருக்கிறது. பேசியவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். "டேட்டா மோசம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்பது அவருடைய சந்தேகம்.

நியாயமான சந்தேகம்தான். படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று எக்ஸ்-கதிரால் பார்க்கும் படிகவியல்காரர்களோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் துறையில் ஓடும் கேலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஏமாந்த கதை இருக்கிறது. அதுவும் அடுத்தவரிடம் ஏமாந்த கதை அல்ல, தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட கதை. அதனால் பின் வரிசைக்காரர் கேலி செய்தது அந்தப் பேச்சாளரை மட்டும் அல்ல.

முதலில் அந்த 32 என்ன என்று பார்த்துவிடலாம். படிகத்தின் மேல் எக்ஸ்-கதிரை அடித்தால் டிடெக்டரில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழும். நம்மால் அளக்க முடிவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்பதை மட்டும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது, அதாவது அதன் ஃபேஸ் என்ன என்பது பதிவாகாது. அதை வேறு வழிகளில் தேடிப் பிடித்து, எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போட்டு, அதற்குள் அணுக்களைப் பொருத்துகிறோம். பிறகு தலைகீழாக ஒரு கணக்கு: நம் மாடல் சரியென்றால் புள்ளிகள் எப்படி விழுந்திருக்க வேண்டும்? அதையும் உண்மையில் அளந்ததையும் ஒப்பிட்டு, மொத்த வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொன்னால் அதுதான் ஆர்-மதிப்பு. பழைய புத்தகங்களில் இதற்கு நம்பகக் குறியீடு என்று பெயர். எண் கூடக் கூட நம்பகம் குறையும்! பெயரிலேயே ஒரு ஜோக்.

சின்ன மூலக்கூறுகளுக்கு 2 முதல் 5 சதவீதம் வந்தால் நல்லது. புரோட்டீனுக்கு 20ஐ ஒட்டி வந்தால் மூச்சு விடலாம். சரி, மேலே எதுவரை போகும்? 100 வரை என்று நினைப்பீர்கள். இல்லை. 1950இல் ஏ.ஜே.சி. வில்சன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் அள்ளி வீசினாலே ஆர்-மதிப்பு சுமார் 59தான் வரும். மையச் சமச்சீர் உள்ள, அதாவது நடுப்புள்ளி வழியாக எதிர்ப்பக்கம் புரட்டினாலும் அதே அடுக்காகத் தெரியும் படிகமாக இருந்தால் 83. புரோட்டீன்களுக்கு மையச் சமச்சீர் கிடையாது, ஆகவே அவற்றுக்கு 59தான் அடிமட்டம். அதனால் 32 என்றால் தேர்ச்சிக்கும் அபத்தத்துக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. மனிதனுக்கு வாலிபம், ஆர்-ஃப்ரீக்கு மூட்டு வலி தொடங்கும் வயது. 59ஐத் தொட்டால் ஓய்வு பெற்றுவிட வேண்டியதுதான்.

அந்த "ஃப்ரீ" எதற்கு என்பதில்தான் கதையே இருக்கிறது. ஆர்-மதிப்பைக் குறைப்பது ஒன்றும் பிரமாதம் இல்லை. வரைபடத்தில் எங்கெல்லாம் சின்னதாக ஒரு மேடு தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு தண்ணீர் மூலக்கூறை வைத்துக்கொண்டே போனால் போதும், ஆர் இறங்கும். பால்காரருக்குத் தெரிந்த வித்தைதான். உண்மையாகவே புரோட்டீனைச் சுற்றித் தண்ணீர் இருக்கும் என்பதால் யாரும் கேள்வியும் கேட்க முடியாது. மாடலில் நாம் திருகக்கூடிய திருகாணிகள் கூடினால், அது எதனோடு வேண்டுமானாலும் ஒத்துப்போகும்.

இதற்கு 1992இல் ஆக்செல் ப்ரூங்கர் ஒரு வழி சொன்னார். புள்ளிகளில் ஐந்து அல்லது பத்து சதவீதத்தை முதலிலேயே எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். மாடலைச் சரிசெய்யும்போது அதைத் தொடவே கூடாது. கடைசியில் அந்தப் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டு ஒரு ஆர் கணக்கிடுங்கள். மனப்பாடம் செய்த பையனிடம் புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது மாதிரி. அதுதான் ஆர்-ஃப்ரீ.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த ஹெரார்ட் க்ளெய்வெக்ட், ஆல்வின் ஜோன்ஸ் என்ற இருவரும் 1995இல் ஒரு விஷமம் செய்தார்கள். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தைச் சுமக்கும் ஒரு புரோட்டீன், அதன் வடிவம் ஏற்கெனவே சரியாகத் தெரியும். அதை வேண்டுமென்றே பின்னாலிருந்து முன்னாக வரைபடத்தில் கோத்தார்கள். தொடக்கம் முடிவாகவும் முடிவு தொடக்கமாகவும். சட்டையைத் தலைகீழாகப் போட்டு, கால்களைக் கைக்குள் நுழைத்த கதை. அப்புறம் கணினி நிரலுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துச் சரிசெய்ய விட்டார்கள். ஆர்-மதிப்பு எவ்வளவு வந்தது தெரியுமா? சுமார் 21. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். பூட்டி வைத்த புள்ளிகளோடு ஒப்பிட்டால் வந்த ஆர்-ஃப்ரீ 60க்கும் மேல். அதாவது கண்ணை மூடி வீசியதைவிட மோசம். அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொல்வதென்றால் மெனக்கெட வேண்டாம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான். மடம் பிடுங்குவது யார், நிரலா, ஆராய்ச்சியாளரா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தனை பெரிய தப்பு எப்படி வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்? இதற்கு யார்க் பல்கலைக்கழகத்தின் கெவின் கௌட்டன் போட்ட வாத்து-பூனைப் படங்களைப் பார்க்க வேண்டும். படிகவியல் கற்றுக்கொண்டவர்களில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. ஒரு வாத்துப் படம், ஒரு பூனைப் படம். இரண்டையும் ஃபூரியர் மாற்றம் செய்து, அதாவது அலைகளாகப் பிரித்து, வாத்தின் அலைவீச்சையும் பூனையின் ஃபேஸையும் சேர்த்து மறுபடி படமாக்கினால் என்ன வரும்? பாதி வாத்து, பாதி பூனை என்றுதான் தோன்றும். வருவது பூனை. கொஞ்சம் கலங்கலான, ஆனால் சந்தேகமே இல்லாத பூனை. இப்போது யோசியுங்கள். வீச்சு நாம் அளந்தது, புள்ளியின் பிரகாசத்திலிருந்து வருவது. ஃபேஸ் நாம் அளக்காதது, பல நேரம் நம் மாடலிலிருந்தே எடுத்துக்கொண்டது. அப்படியானால் வரைபடத்தில் நமக்குத் தெரிவது படிகத்தில் இருந்த வாத்தா, நம் தலைக்குள் இருந்த பூனையா? "இது உன் டேட்டாவா, உன் பூனையா?" என்று ஒரு ஆய்வகத்தில் கேட்டால் இதைத்தான் கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களான எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆட்களுக்கும் இதே வியாதி உண்டு. அவர்களுக்காக ரிச்சர்ட் ஹென்டர்சன் 2013இல் ஒரு படத்தைப் பிரபலமாக்கினார். வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள ஆயிரம் படங்கள், டிவியில் சேனல் போய்விட்டால் தெரியுமே, அந்த மாதிரி. அவற்றை ஐன்ஸ்டீன் புகைப்படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து நகர்த்தி, பிறகு சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் மீசையோடு எழுந்து வந்துவிடுவார். ஆயிரத்தில் ஒன்றில்கூட அவர் இல்லை.

ஆகவே மருந்து மூலக்கூறு புரோட்டீனில் ஒட்டியிருக்கிறது என்று யாராவது அழகான படம் காட்டினால், "எத்தனை சிக்மாவில்?" என்று மெதுவாக ஒரு கேள்வி வரும். அடர்த்தி வரைபடத்தை எந்த மட்டத்தில் வெட்டிக் காட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது, அந்த மட்டத்தைச் சொல்லும் அளவுதான் சிக்மா. ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற மேடுகள் வெளியே தெரியும் அல்லவா, அந்த மட்டத்தை இறக்கிக்கொண்டே போனால் எங்கு வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் தெரியும். மூன்று வருடம் உழைத்தவன் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே தெரியும்.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் முறை படிகம் வந்தபோது, தட்டின் ஒரு குழியில் வைரம் மாதிரி ஒன்று மின்னியது. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ஆய்வகம் முழுக்கக் கூட்டி வந்து காட்டினேன். வீட்டுக்கு ஃபோன் போட்டேன். மூத்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "குத்திப் பாரு." புரோட்டீன் படிகத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர், ஊசி பட்டால் பனீர் மாதிரி உதிர்ந்துவிடும். என்னுடையது குத்தியபோது "நொறுக்" என்றது. உப்பு. கரைசலில் இருந்த பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து செய்த வேலை. "சமையலுக்கு ஆகும்" என்றார் அக்கா. அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் போகும்போதெல்லாம் யாராவது ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார்கள். இந்தத் துறையில் முதல் படிகம் உப்பாக இல்லாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

உப்பு என்றதும் இன்னொன்று. படிகவியலைக் கேலி செய்வது புதிதல்ல. லாரன்ஸ் பிராக் சாப்பாட்டு உப்பின் அமைப்பை 1913இல் கண்டுபிடித்து, அதில் சோடியம் குளோரைடு என்று தனித்தனி மூலக்கூறுகளே கிடையாது, சதுரங்கப் பலகை போல மாறி மாறி அடுக்கிய அயனிகள்தான் என்றார். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளருக்கு இது பொறுக்கவே இல்லை. 1927இல், 79 வயதில், "பாவம் உப்பு!" என்று தலைப்பிட்டு நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். இது அபத்தம், இது ரசாயன கிரிக்கெட்டே அல்ல என்று திட்டியிருக்கிறார். கேலி அருமை. தப்பு மட்டும் அவர் பக்கம். டேட்டா நன்றாக இருந்தது.

சின்ன மூலக்கூறுக்காரர்களிடம் வேறு வகை நையாண்டி. அவர்களுடைய அகராதியில் ஒரு வினைச்சொல் உண்டு: "மார்ஷ் ஆவது". கால்டெக்கில் இருந்த ரிச்சர்ட் மார்ஷ், அடுத்தவர்கள் வெளியிட்ட அமைப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் நீங்கள் கவனிக்காத சமச்சீர் ஒன்று இருக்கிறதே" என்று கட்டுரை எழுதுவார். ஒன்றிரண்டு அல்ல, பல ஆண்டுகளாகக் கட்டுக் கட்டாக. படிகத்தில் இருக்கும் சமச்சீரைத் தவறவிட்டு, குறைந்த சமச்சீருள்ள ஸ்பேஸ் குரூப்பில், அதாவது சமச்சீர் வகையில், கணக்குப் போட்டால் ஆர்-மதிப்பு அழகாகத்தான் வரும். ஆனால் ஒரே நீளமாக இருக்க வேண்டிய இரண்டு பிணைப்புகள் ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் வந்து நிற்கும். அதை விளக்க ஒரு புதுக் கோட்பாட்டையும் எழுதிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் மார்ஷின் கட்டுரை வரும், அவர்களுடைய மூலக்கூறு பட்டியலில் இருக்கும். கோபப்பட்டவர்களும் உண்டுதான். பெயர் வினைச்சொல்லாகும் அளவுக்கு ஒரு மனிதர் மற்றவர்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்தியிருக்கிறார் என்பதை நான் மரியாதையாகவே பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கதை பச்சைப் படிகத்தின் கதை. 1971இல் ஜோசப் சாட் குழுவினர் மாலிப்டினம் சேர்மங்கள் இரண்டைப் பற்றி எழுதினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பு: நடுவில் மாலிப்டினம், அதோடு ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரின், மூன்று பாஸ்பீன் (பாஸ்பரஸை நடுவில் கொண்ட தொகுதி). ஒன்று நீலம், இன்னொன்று பச்சை. நீலத்தில் மாலிப்டினத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே தூரம் சுமார் 1.68 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்). பச்சையில் 1.80. கேட்க எவ்வளவோ சின்ன வித்தியாசம், ஆனால் வேதியியலில் இது மலைக்கும் மடுவுக்குமான தூரம். மாலிப்டினத்தைச் சுற்றி அதே அணுக்கள், அதே இணைப்புகள், ஒரு பிணைப்பு மட்டும் இழுத்து விட்ட மாதிரி நீளம். இப்படி ஒரு மூலக்கூறு இரண்டு நீளங்களில் நிலையாக இருக்க முடியுமா? முடியும் என்று கோட்பாட்டாளர்கள் விளக்கம் எழுதினார்கள். "பிணைப்பு நீட்சி மாற்றியம்" என்று பெயரும் வந்தது. இருபது ஆண்டுகள் அது ஒரு நிஜமான நிகழ்வாகவே உலவியது.

1991 வாக்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் பார்க்கின், படிகவியலாளர் ஆர்னால்ட் ரைன்கோல்டு ஆகியோரின் குழு இதை மறுபடி கிளறியது. பச்சைப் படிகத்தை முறையாகச் சோதித்தால் அது தனி மூலக்கூறே அல்ல. நீலச் சேர்மத்தில், ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் குளோரின் உட்கார்ந்த இன்னொரு சேர்மம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அந்த இன்னொன்றின் நிறம் மஞ்சள். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை!

எல்கேஜி பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். எக்ஸ்-கதிர் தனி மூலக்கூறைப் பார்ப்பதில்லை, படிகத்தில் இருக்கும் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜன் பக்கத்தில், குளோரின் சற்றுத் தூரத்தில். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகக் கலந்து ஒரே மேடாகத் தெரியும். அதில் ஒற்றை ஆக்சிஜனை வைத்தால் அது நடுவில் எங்கோ போய் நிற்கும். பதினேழு எலக்ட்ரான் கொண்ட குளோரின் கொஞ்சமே இருந்தாலும் எட்டு எலக்ட்ரான் கொண்ட ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துவிடும். நீண்டது பிணைப்பு அல்ல, கணக்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை என்பதுதான் என்னைக் கவர்வது. கருவி சரியாக அளந்தது. கேட்ட கேள்விதான் தப்பு.

இந்தக் கூட்டத்தின் சில்லறைக் கேலிகளையும் சொல்லிவிடுகிறேன். ஓர்டெப் படம் என்று ஒன்று உண்டு. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965இல் கரோல் ஜான்சன் எழுதிய நிரலின் பெயர், இப்போது படத்துக்கே அந்தப் பெயர். ஒவ்வொரு அணுவையும் அது ஆடும் அளவுக்கு ஏற்ப நீள்வட்டக் கோளமாக வரைவார்கள். டேட்டா நன்றாக இருந்தால் கோளங்கள் நெல்லிக்காய் மாதிரி உருண்டையாக, சின்னதாக இருக்கும். மோசமாக இருந்தால் ஒன்று சுரைக்காய், ஒன்று அப்பளம். வழக்கமாக 50 சதவீத நிகழ்தகவில் வரைய வேண்டும். ஆனால் 20 சதவீதத்தில் வரைந்தால் எல்லாமே சின்னதாகி அழகாகிவிடும். படத்தின் கீழே பொடி எழுத்தில் "20%" என்று இருந்தால் அனுபவசாலிகள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். அப்புறம் யூட்ரெக்ட்டின் டான் ஸ்பெக் எழுதிய பிளாட்டன் நிரலில் "ஸ்க்வீஸ்" என்று ஒரு வசதி. படிகத்தின் ஓட்டைகளில் தாறுமாறாகக் கிடக்கும் கரைப்பானின் பங்கைக் கணக்கிலிருந்து பிழிந்து எடுத்துவிடும். நல்ல வசதி, தேவையான வசதி. ஆனால் என்ன கரைப்பான் என்று தெரியாத நேரத்தில் எல்லாம் பிழி, பிழி என்று பிழிந்தால் எலுமிச்சம்பழத்தில் தோல்தான் மிஞ்சும்.

புரோட்டீன் பக்கம் இதற்கு ஈடு கட்டுரையின் "டேபிள் ஒன்", டேட்டாவின் தரத்தைச் சொல்லும் அட்டவணை. அதில் ஆர்-மெர்ஜ் என்று ஒரு வரி. ஒரே புள்ளியைப் பல தடவை அளந்தால் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண். இதில் உள்ள கூத்து, அதிகத் தடவை அளந்தால் டேட்டா மேம்படும், ஆனால் இந்த எண் மோசமாகும். இரண்டே முறை அளந்தவருக்கு அது உண்மைப் பிழையில் சுமார் 70 சதவீதத்தைத்தான் காட்டும். கூட உழைத்தால் மதிப்பெண் குறையும் பரீட்சை. பல வருடம் ஆட்கள் இந்த எண்ணைக் காப்பாற்ற நல்ல டேட்டாவைத் தூக்கி எறிந்தார்கள். டீடெரிக்ஸ், கார்ப்ளஸ் இருவரும் 1997இல் இதைத் திருத்திய சூத்திரத்தையே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய எண் அட்டவணையை விட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த பெரியப்பா மாதிரி.

சிரிக்காத இடமும் ஒன்று உண்டு. 2006இல் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு புரோட்டீன் அமைப்பு நேச்சரில் வந்தது. அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே இதழில் கேள்வி எழுப்பினார்கள். அந்தப் படிகத்தில் ஒரு திசையில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே தொடர்பே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படாமல் அந்தரத்தில் நின்றன. புரோட்டீன் படிகம் என்றால் நடுவில் நிரம்பியிருக்கும் தண்ணீரின் தடயம் டேட்டாவில் இருந்தே ஆக வேண்டும், அதுவும் இல்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இங்கே பிரச்சினை, டேட்டா மாடலோடு பொருந்திய அளவுக்கு இயற்கையோடு பொருந்தவில்லை. பல்கலைக்கழக விசாரணை நடந்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதை வைத்து யாரும் ஜோக் அடித்து நான் கேட்டதில்லை. கருத்தரங்கில் உங்கள் பேச்சாளரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால், அவர் 32ஐ 32 என்று திரையில் போட்டதால்தான் சிரிக்க முடிந்தது.

கடைசியாக, நம் ஊர்ச் சரக்கு ஒன்று. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சேர்ந்து, புரோட்டீன் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். இரண்டு கோணங்கள், பெயர்கள் ஃபை, சை. அன்று அது புரோட்டீன் எப்படி மடியலாம் என்பதற்கான கேள்வி. இன்று உலகம் முழுக்க, கட்டிய மாடல் யோக்கியமானதா என்று பார்க்க முதலில் திறக்கும் பக்கம் அது. மாடலைச் சரிசெய்யும்போது பெரும்பாலும் இந்தக் கோணங்களை நிரல் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் இங்கே ஏமாற்றுவது கடினம். நல்ல அமைப்பில் 98 சதவீதம் புள்ளிகளாவது பிடித்தமான இடங்களில் குவிந்திருக்கும். தலைகீழாகக் கோத்த மாடலில் அம்மை போட்ட மாதிரி சிதறிக் கிடக்கும்.

அதே க்ளெய்வெக்ட், ஜோன்ஸ் ஜோடி 1996இல் இந்த வரைபடத்தை மறுபடி ஆராய்ந்து எழுதியபோது, ஃபையையும் சையையும் சேர்த்துத் தலைப்பையே "ஃபை-சைக்காலஜி" என்று வைத்தது. தமிழில் அந்தச் சிலேடை இன்னும் ஒரு படி மேலே போகும். எங்கள் ஆய்வகத்தில் ஒருவன் இருந்தான். ராத்திரி முழுக்கக் கட்டிய மாடலுக்குக் காலையில் ராமச்சந்திரன் வரைபடம் போட்டு, புள்ளிகள் கண்ட இடத்தில் கிடப்பதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சொல்வான்: "ஃபை பரவாயில்லை. சை!"